பன்னிரண்டு வாசல், ஒரு 'பிட்'

"பிட் டே முடிஞ்சதும் கூப்பிடறேண்ணா" என்று திருப்பூரில் இருக்கும் பெரியப்பா மகனிடம் வாட்ஸாப்பில் சொன்னேன். 2017 ஆகஸ்ட் மாதம். "அமெரிக்காவுல பிட் அடிக்கறதுக்குன்னே ஒரு நாள் ஒதுக்கியிருக்காங்களா அம்மிணி?" என்று கேட்டார். சொராரிட்டி என்கிற கல்லூரிப் பெண்கள் சங்கம் பற்றி எங்கள் குடும்பத்துக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

இந்த 'பிட்' வேறு. "எங்களோடு வந்து சேர்" என்று ஒரு சொராரிட்டி கொடுக்கும் அழைப்புச் சீட்டு. அதற்காக ஒரு வாரம் முழுக்க 36 டிகிரி வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அடுத்த வருஷம் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று, வருகிற பெண்களுக்கு மதிப்பெண் போட்டேன். இப்போது கோடை வந்தால் தெரிந்த குடும்பங்களில் இருந்து ரெண்டு மூணு அம்மாக்கள் ஃபோன் செய்கிறார்கள். "பொண்ணு ரஷ் பண்ணப் போறேங்கறா, அது என்னடா கண்ணு, விடலாமா?" சொராரிட்டியில் சேர இப்படி ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்குவதுதான் 'ரஷ்'. ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு முடித்த கையோடு டல்லாஸ் பக்கம் வந்தவள். கல்லூரிக்குத் தெற்கு மாநிலம் ஒன்றில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அங்கே என் வகுப்பில் வரப்போகிற பெண்களில் எனக்கு ஒருத்தியையும் தெரியாது. ஹாஸ்டல் ரூம்மேட் முதல் மெசேஜிலேயே "நீ ரஷ் பண்றியா?" என்று கேட்டாள். பெயர் என்ன என்பதையே அதற்கு அப்புறம்தான் கேட்டாள்.

சொராரிட்டி என்றால் கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட பெண்கள் சங்கம். வளாகத்தில் ஒரு பெரிய வீடு, மாதக் கட்டணம், ஒரு தொண்டுப் பணி, ரகசியச் சடங்கு, ஆயுள் முழுக்க உறுப்பினர் என்கிற தகுதி, இவ்வளவும் சேர்ந்தது. ஆரம்பம் 1851, ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் ஊரில் இருக்கும் வெஸ்லியன் பெண்கள் கல்லூரி. இன்று ஆல்ஃபா டெல்டா பை என்று இருப்பது அங்கே வேறு பெயரில் தொடங்கியதுதான். 'சொராரிட்டி' என்ற சொல்லே பிறகு வந்தது. சிரக்யூஸில் காமா ஃபை பீட்டா சங்கத்துக்காக ஒரு லத்தீன் பேராசிரியர் 'சொரோர்', அதாவது சகோதரி, என்பதிலிருந்து ஆக்கிக் கொடுத்தார். 1902இல் உருவான நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் இப்போது 26 சங்கங்கள். என் வளாகத்தில் இருந்தவை பன்னிரண்டு.

அம்மாவுக்கு விளக்கியபோது, "இது பொண்ணு பார்க்க வர்ற மாதிரியல்ல இருக்குது" என்றார். இல்லைம்மா, இதில் நான்தான் பன்னிரண்டு வீட்டுக்கும் போக வேண்டும், பஜ்ஜி கூடக் கிடைக்காது என்றேன்.

அப்பாவின் பயம் வேறு. 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவரை சீனியர் கொன்ற செய்தியும், அடுத்த வருஷமே தமிழ்நாட்டில் வந்த ராகிங் தடைச் சட்டமும் அவர் தலைமுறைக்கு மறக்காது. கூகுளில் 'ஹேஸிங்' (அமெரிக்க ராகிங்) என்று தேடி ராத்திரி முழுக்கப் படித்திருக்கிறார். காலையில் அலபாமா கதையையும் எடுத்து வைத்தார். 2013இல் அலபாமா பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை 'கிரிம்சன் வைட்' ஒரு செய்தி போட்டது. மதிப்பெண், குடும்பப் பின்னணி எல்லாம் இருந்தும் ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் சொராரிட்டி எதுவும் எடுக்கவில்லை. உள்ளே இருந்த மாணவிகள் சிலர் விரும்பியும் பழைய உறுப்பினர்கள் தடுத்தார்கள் என்றது செய்தி. செய்தி வந்த அப்புறம்தான் சேர்க்கையை மறுபடி திறந்தார்கள், மாணவர்களும் ஊர்வலம் போனார்கள். 1963இல் கறுப்பின மாணவர்களை உள்ளே விடமாட்டேன் என்று ஆளுநர் வாலஸ் வாசலை மறித்து நின்றாரே, அதே பல்கலைக்கழகம். "அம்பது வருஷம் கழிச்சும் வாசல்ல ஆள் நிக்கறாங்க அம்மிணி" என்றார் அப்பா. என்னிடம் பதில் இல்லை. பாதி வீம்பில்தான் பதிவுக் கட்டணத்தைக் கட்டினேன்.

அந்த வாரம் இப்படி இருக்கும். முதல் சுற்றில் எல்லா வீட்டுக்கும் எல்லோரும் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நீங்கள் வீடுகளை வரிசைப்படுத்துகிறீர்கள், வீடுகளும் உங்களை வரிசைப்படுத்துகின்றன, கணினி ரெண்டையும் பொருத்துகிறது. என் வளாகத்தில் ரெண்டாம் சுற்று அதிகபட்சம் ஒன்பது வீடு, மூன்றில் ஆறு, கடைசி 'பிரெஃபரன்ஸ்' சுற்றில் ரெண்டே ரெண்டு. மறுநாள் பிட். 'ஃபார்மல் ரெக்ரூட்மென்ட்' என்று நாங்கள் சொன்னதை இப்போது 'பிரைமரி ரெக்ரூட்மென்ட்' என்கிறார்கள். பேச்சில் 'ரஷ்' தான்.

கதவு திறக்கும் நொடிக்கு யாரும் உங்களைத் தயார்ப்படுத்த முடியாது. ஐம்பது அறுபது பெண்கள் வாசல் நிலைக்குள் தலைக்கு மேல் தலையாக அடுக்கி நின்று, கை தட்டி, ஒரே குரலில் கத்திப் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் ஒருத்தி உங்கள் கையைப் பிடித்து உள்ளே இழுப்பாள். உள்ளே திருவிழாக் கூட்டத்து இரைச்சல், காதருகே வாய் வைத்துத்தான் பேச வேண்டும். ஐந்தாறு நிமிஷம் ஆனதும் இன்னொருத்தி வந்து தோளைத் தொடுவாள், முதலாமவள் கழன்றுகொள்வாள். இப்படி அரை மணி நேரத்தில் மூன்று நான்கு பேர். தற்செயல் போலத்தான் தெரியும். யார் யாரிடம் எத்தனையாவது நிமிஷம் வர வேண்டும் என்று முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பார்கள்.

பேசக்கூடாத ஐந்து 'பி' என்று ஒன்று உண்டு. பாய்ஸ், பூஸ், பைபிள், பேலட், பக்ஸ். தமிழிலும் 'ப'தான் வருகிறது: பையன், போதை, பக்தி, பதவி, பணம். இதை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், சிக்கல் இல்லை. நான் தடுக்கி விழுந்தது வேறு இடத்தில். பெரியவர்கள் கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி வளர்ந்தவள் நான். "எந்த ஊர்?" "டல்லாஸ்." "என்ன படிக்கப் போறே?" "அக்கவுண்டிங்." "உனக்கு என்ன பிடிக்கும்?" "ரீடிங்." முதல் நான்கு வீடுகளில் இப்படியே போனது. எதிரில் நின்ற பெண்கள் பாவம், சிரித்துச் சிரித்தே கன்னம் வலித்திருக்கும்.

ஐந்தாவது வீட்டில் என்னை அழைத்துப்போனவள் எல்லோரையும் போல ஒரு டி-ஷர்ட் போட்டிருந்தாள். சொராரிட்டி உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு டி-ஷர்ட் உண்டு. நடன நிகழ்ச்சிக்கு ஒன்று, தொண்டுப் பணிக்கு ஒன்று, பெற்றோர் வரும் நாளுக்கு ஒன்று. எங்கள் பெரியப்பா பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், பள்ளி லீவில் நான் அங்கேதான் கிடப்பேன். என்னையறியாமல், "உங்க டி-ஷர்ட்ல சைடு தையலே இல்லை, டியூப் துணி" என்றேன். அவள் குனிந்து இடுப்போரம் பார்த்தாள். "ஐயோ ஆமாம்!" லேபிளைத் திருப்பிப் பார்த்தோம், ஹோண்டுராஸ். அதற்கப்புறம் திருப்பூர், ஓவர்லாக், பிசிறு வெட்டுகிற பாட்டிகள், 180 ஜிஎஸ்எம் துணிக்கும் 140க்கும் என்ன வித்தியாசம் என்று நானே பேசிக்கொண்டிருந்தேன். அடுத்து வந்தவளும் அங்கேயே நின்று கேட்டாள். நேரம் முடிந்ததாகக் கதவைத் தட்டியபோதுதான் நிறுத்தினேன்.

ஃபோன் செய்கிற அம்மாக்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பெண்ணுக்குப் பதில்களைப் பயிற்சி கொடுக்காதீர்கள். அவள் வாயில் தானாக நீளும் விஷயம் ஒன்று இருக்கும், அது பனியன் துணியாக இருந்தாலும் பரவாயில்லை, அதைப் பேசட்டும். பேசி முடித்ததும் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கட்டும்.

உடுப்பைப் பற்றி எல்லா வீட்டிலும் அளவுக்கு மீறிய கவலை. எனக்கு மூன்று கவுனும் ஒரு ஜோடி செருப்பும் டார்கெட் கடையில் வாங்கியதுதான். யாரும் பிராண்ட் கேட்கவில்லை. கால்தான் கொன்றது. ஹீல்ஸை வாசலில் மாட்டிக்கொண்டு மற்ற நேரம் ரப்பர் செருப்பில் நடப்பவர்களே பிழைத்தார்கள். அம்மா என் பையில் ஒரு அட்டை ஊக்கு போட்டு அனுப்பியிருந்தார். மூன்று நாளில் பதினோரு பெண்களின் அறுந்த பட்டையையும் பிரிந்த விளிம்பையும் அது காப்பாற்றியது. 'ஊக்குக்காரி' என்று என் குழுவில் எனக்குப் பெயர்.

மூன்றாம் நாள் காலை. வெள்ளைத் தூண்கள் வைத்த ஒரு வீட்டின் மேல் எனக்கு ஆசை. எல்லோருக்கும் அந்த வீட்டின் மேல்தான் ஆசை. என்னைத் திரும்ப அழைத்த வீடுகளின் சீட்டைப் பிரித்தால் அந்தப் பெயர் இல்லை. முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு "நாளைக்குப் பார்ப்போம்" என்று அவர்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்கு ஃபோன் செய்யவில்லை, செய்தால் அலபாமாவை எடுப்பார்.

இதன் கணக்கு அடுத்த வருஷம்தான் புரிந்தது. அந்த வாரமே தெரிந்திருந்தால் பாதி அழுகை மிச்சம். மொத்தம் 900 பெண்கள், பன்னிரண்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு 75 பேர், அதுதான் 'கோட்டா'. எல்லா வீடும் நிரம்ப வேண்டும் என்பதற்காக, முந்தைய வருஷங்களில் அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பார்த்து, இந்தச் சுற்றில் இத்தனை பேரைத்தான் அழைக்கலாம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுக்கிறார்கள். கூப்பிட்டவர்கள் எல்லோரும் ஓடி வருகிற வீட்டுக்குச் சின்ன எண். அதனால் புகழ் பெற்ற வீடு முதல் ரெண்டு நாளிலேயே நூற்றுக்கணக்கில் கழித்தாக வேண்டும், பிடித்த பெண்களையும் சேர்த்துத்தான். ஐந்து நிமிஷம் பேசிய பெண்ணைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? அம்மா அதே சொராரிட்டியில் இருந்தவளா, பள்ளியிலேயே தெரிந்தவளா என்றுதான் பார்ப்பார்கள். 'லெகசி' என்ற அந்தத் தாய்வழி உரிமையைப் பல சங்கங்கள் பின்னர் கைவிட்டன. என் காலத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. நமக்கு அந்த ஊரில் சித்தி கூடக் கிடையாது.

பிரெஃபரன்ஸ் சுற்றில் எனக்கு ரெண்டு வீடு. ஒன்று டி-ஷர்ட் வீடு. அங்கே விளக்கை அணைத்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். ஒரு சீனியர் என் எதிரில் உட்கார்ந்து, தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது இந்த வீட்டுப் பெண்கள் எப்படித் தன்னைப் பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்லி அழுதாள். கையில் ஒரு முத்தைக் கொடுத்து, கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் போடச் சொன்னாள். முத்து அடியில் போய்த் தட்டிய சின்னச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எனக்கும் அழுகை வந்தது. அந்தப் பேச்சை ரெண்டு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. அவள் அம்மாவின் நோய் உண்மை, அழுகையும் உண்மை, ஒத்திகையும் உண்மை. மூன்றும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்று அங்கேதான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கையெழுத்துப் போடுகிற படிவம் வரும். இதை அவசரமாகப் போட்டுவிடாதீர்கள். எந்த வீட்டின் பெயரை எழுதுகிறீர்களோ, அங்கிருந்து பிட் வந்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தும். வேண்டாம் என்று சொல்லலாம், ஆனால் அந்த வளாகத்தில் இந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்த வேறு எந்தச் சொராரிட்டியிலும் அடுத்த வருஷச் சேர்க்கை வரை சேர முடியாது. ஒரே ஒரு பெயரை எழுதவும் உரிமை உண்டு, ஆனால் அது கிடைக்காவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. என் குழுவை வழிநடத்திய சீனியர் (அந்த வாரம் அவர்கள் தங்கள் வீட்டுப் பெயரையே மறைத்துக்கொண்டு நடுநிலையாக இருக்க வேண்டும்) ஒன்றே ஒன்று கேட்டாள்: "செவ்வாய்க்கிழமை ராத்திரி, பரீட்சைக்கு முன்னாடி, இந்த ரெண்டு வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலயும் உட்கார முடியுமா?" ரெண்டிலும் முடியும் என்று தோன்றியது. ரெண்டையும் எழுதினேன். டி-ஷர்ட் வீட்டை ரெண்டாவதாகத்தான் எழுதினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன், மற்றது வெள்ளைத் தூண் வீட்டுக்குப் பக்கத்து வீடு. பிட் வந்தது டி-ஷர்ட் வீட்டில் இருந்து. எண்ணூறு பெண்கள் உறையைக் கிழித்துக் கத்திக்கொண்டு ஓடியபோது, நான் நடந்துதான் போனேன்.

அப்பா பயந்த ராகிங் எனக்கு நடக்கவில்லை. ஆறு வாரம் புது உறுப்பினர் வகுப்பு, சங்க வரலாற்றில் ஒரு பரீட்சை, சடங்கு. சொராரிட்டி வீட்டுக்குள் மது கூடாது என்பது விதி, அதனால் குடியெல்லாம் ஃப்ரட்டர்னிட்டி எனும் ஆண்கள் சங்க வீடுகளில் நடக்கும். உண்மையான ஆபத்து அங்கேதான், திரும்பி வர யார் கார் ஓட்டுகிறார்கள் என்பதில்தான். முன்கூட்டியே கேட்க வேண்டியது, புது உறுப்பினர் காலம் எத்தனை வாரம், அதில் என்னென்ன நடக்கும் என்று. பளிச்சென்று பதில் சொல்லாத வீட்டை விட்டுவிடலாம்.

பணம். முதல் செமஸ்டருக்கு 2,400 டாலர் கட்டினேன். அதில் வார நாட்களின் மதிய உணவும் அடக்கம், அதனால் அவ்வளவு வலிக்கவில்லை. பட்டியலில் இல்லாதவைதான் வலித்தது. டி-ஷர்ட்டுகள், புகைப்படம், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம், அடுத்த வருஷம் உங்களுக்கென்று ஒரு 'லிட்டில்', அதாவது உங்கள் பொறுப்பில் விடும் புது உறுப்பினர், வரும்போது அவளுக்கு ஒரு வாரம் வாங்கிக் கொடுக்க வேண்டிய பரிசுகள். ஒரு முழு வருஷத்துக்கு எவ்வளவு, ரெண்டாம் வருஷம் அந்த வீட்டில் தங்கியே ஆக வேண்டுமா என்ற ரெண்டையும் முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பணம் ஐந்தாவது 'பி' தான், ஆனால் அந்தத் தடை வாசலில் நடக்கும் பேச்சுக்கு மட்டும். பான்ஹெலெனிக் அலுவலகத்தில் கூசாமல் கேட்கலாம்.

2018 ஆகஸ்டில் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றேன். ஒரு நாளைக்கு நாற்பது பெண்களிடமாவது பேசியிருப்பேன். பேசி முடித்த ஒவ்வொருத்திக்கும் ஃபோனில் ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண். ராத்திரி பதினோரு மணிக்கு அந்த எண்களைத் திரையில் போட்டு ஓட்டெடுப்பு. ஒரு பெயருக்கு இருபது நொடி. பெரியப்பா கம்பெனியில் செக்கிங் மேஜை என்று ஒன்று உண்டு. டியூப் லைட்டுக்குக் கீழே பீஸை விரித்து, கறையோ ஓட்டையோ இருந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவார்கள். நல்லது எக்ஸ்போர்ட்டுக்கு, செகண்ட்ஸ் உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டைக்கு. மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கண் களைத்த பிறகு நல்ல பீஸும் சில சமயம் அந்தப் பக்கம் போய்விடும். இங்கே மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பத்தொன்பது வயது.

முதல் சுற்றின் ரெண்டாம் நாள் என்னிடம் ஒரு தெலுங்குப் பெண் வந்தாள். ஹைதராபாத்தில் இருந்து வந்து ரெண்டு வருஷம்தான் ஆகிறது என்றாள். "என்ன படிக்கப் போறே?" "பயாலஜி." "என்ன பிடிக்கும்?" "மியூசிக்." கையைக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அது எங்கிருந்து வருகிறது என்று அந்த அறையிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எனக்குக் கால் வலி, தொண்டை கட்டியிருந்தது, அன்றைக்கு அவள் முப்பதாவதோ முப்பத்தொன்றாவதோ. பேச்சு ஓடவில்லை. 2 போட்டேன். ராத்திரி அவள் பெயர் திரையில் வந்தபோது, "இவளைப் பத்தி யாராவது பேசணுமா?" என்று கேட்டார்கள். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுத்த பெயர் வந்துவிட்டது.

அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆனது. "வாசல்ல நின்னது நீயா?" என்று மட்டும் கேட்டார்.

இன்னொரு பாதை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்த 26 சங்கங்கள் மட்டுமே சொராரிட்டி அல்ல. கறுப்பினப் பெண்கள் 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா இருக்கிறது, சென்னைக்காரி ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் சேர்ந்தது அதில்தான். தெற்காசியப் பெண்கள் 1998இல் ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகாவையும், ஆஸ்டினில் கப்பா ஃபை காமாவையும் தொடங்கினார்கள். அங்கே கதவைத் திறந்து கத்துகிற வாரமெல்லாம் இல்லை. அறிமுகக் கூட்டங்களுக்குப் போய், ஆட்களோடு பழகி, அப்புறம் விண்ணப்பிக்கலாம். ஆள் குறைவு, பெரிய வீடு பெரும்பாலும் இருக்காது. பேச்சு ஓட ஐந்து நிமிஷத்துக்கு மேல் தேவைப்படும் பெண்களுக்கு இதுவே தோது.

நான் என் வீட்டிலேயே நான்கு வருஷம் இருந்தேன். மூன்றாம் வருஷம் டி-ஷர்ட் பொறுப்பு எனக்கு வந்தது. மாதிரி வந்தால் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறவள் என்று அச்சுக் கடைக்காரருக்கு என்மேல் கோபம். அங்கே கிடைத்த ரெண்டு பேர் இன்றும் என் ஆட்கள், என் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் வரை வந்தார்கள். மற்ற நூற்றைம்பது பேரின் பிறந்தநாளை இன்ஸ்டாகிராம் ஞாபகப்படுத்துகிறது.

2019 தீபாவளிக்கு மாணவர் மையத்தில் கடைகள் போட்டிருந்தார்கள். ஒரு மேஜையில் தெற்காசியச் சொராரிட்டி ஒன்றின் பெண்கள் நிதி திரட்டச் சமோசா விற்றுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள். பக்கத்தில் இருந்தவளிடம் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து நிறுத்தாமல் பேசிக்கொண்டே, எனக்கு முன்னால் நின்றவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ரெண்டு அஞ்சு டாலர், சட்னி வேணுமா?" என்றாள். வேணும் என்றேன். அவள் டி-ஷர்ட்டின் கழுத்தோரம் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன்.